கார் கண்ணாடியில் உப்புக் கறை: தேய்ப்பதற்கு முன்னால் ஊற வையுங்கள்

வட சென்னையில் தெருவோரம் வண்டி நிறுத்துகிற யாருக்கும் இந்தப் புள்ளிகளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. புது வண்டியாக இருந்தாலும் சில மாதங்களில் வந்துவிடும். பகலில் அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது. ராத்திரி எண்ணூர் விரைவுச் சாலையில் எதிர்ப்பக்கம் கண்டெய்னர் லாரி ஹெட்லைட்டைப் பளீரென்று அடித்துக்கொண்டு வரும்போதுதான் கண்ணாடி முழுக்க ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக மின்னும், ரோடு எங்கே இருக்கிறது என்று ஒரு நொடி தேட வேண்டியிருக்கும். மழை நாளில் இன்னும் மோசம். ஆகவே இதை அழகுக்கான வேலை என்று மட்டும் நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

இதை வீட்டிலேயே எடுக்கலாம், பெரிய செலவும் கிடையாது. ஆனால் பலரும் செய்வது என்னவென்றால், காய்ந்த கண்ணாடியில் பாத்திரம் தேய்க்கிற ஸ்கிரப்பரை வைத்து, நல்ல வெயிலில் நின்று, கை வலிக்கிற வரைக்கும் தேய்ப்பது. புள்ளி அப்படியே இருக்கும், கண்ணாடியில் கோடு விழுந்திருக்கும். இந்த வேலையில் முக்கால் பங்கை ஊற வைக்கிற நேரம் பார்த்துக்கொள்ளும், கைக்கு மிச்சம் கால் பங்குதான். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் இது என்ன கறை

நம் வீட்டு போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. ஒரு சொட்டு கண்ணாடியில் விழுந்து காயும்போது தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், கரைந்திருந்தது எல்லாம் அங்கேயே தங்கிவிடும். சொட்டின் ஓரம் முதலில் காய்வதால் உப்பெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கும், அதனால்தான் பெரும்பாலான புள்ளிகள் நடுவில் காலியாக, விளிம்பில் வெள்ளை வளையமாக இருக்கின்றன. பாத்ரூம் குழாய் முனையிலும் வாட்டர் ஹீட்டர் காயிலிலும் ஒட்டியிருக்கிறதே, அதே சுண்ணாம்புதான் இது. கால்சியம் கார்பனேட்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. நம் பக்கத்து போர்கள் பலவற்றில் வாயில் வைத்தாலே கரிப்பு தெரியும், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்தது பல பத்தாண்டுகளாகப் பதிவாகி வரும் விஷயம். கடலை ஒட்டிய காசிமேடு, திருவொற்றியூர் பக்கமும் ஆழமாகப் போட்ட போரில் இனிப்புத் தண்ணீரை எதிர்பார்க்க முடியாது. மெட்ரோ வாட்டர் வருகிற வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் பிடித்து வைக்கிற மெட்ரோ வாட்டரைக் காருக்கு ஊற்ற எந்த வீட்டில் விடுவார்கள்?

வண்டியைக் கழுவுகிற தண்ணீர் மட்டும் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே நிறுத்துகிறீர்கள் என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். மொட்டை மாடி டேங்க் நிரம்பி வழிகிற பைப், மேல் வீட்டுக்காரர் செடிக்கு ஊற்றுவது, ஈரம் ஊறிய பழைய சன்ஷேடு, மேம்பாலத்தின் இணைப்பு இடுக்கு என்று எதிலிருந்து வேண்டுமானாலும் சொட்டும். இதில் சிமென்ட் வழியாக ஊறிச் சொட்டுகிற தண்ணீர்தான் கொடியது. கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால் அது நல்ல காரத்தன்மையோடு இருக்கும். போர் தண்ணீர்ப் புள்ளி கண்ணாடி மேல் உட்கார்ந்திருக்கும் என்றால், இது கண்ணாடியையே அரிக்க ஆரம்பித்துவிடும். பாலத்துக்குக் கீழே நிழல் கிடைக்கிறது என்று தினமும் ஒரே இடத்தில் நிறுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

கறை எல்லாம் ஒரே ரகம் கிடையாது, அதனால் கையில் மருந்து எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. கண்ணாடியைச் சாதாரணமாக ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். கடற்காற்றில் வந்து படிகிற உப்பு வெறும் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். ராயபுரம், காசிமேடு பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்குப் பாதிக் கறை இதிலேயே போய்விடுவதும் உண்டு. டீசல் புகையின் எண்ணெய்ப் படலமும் இப்போதே போய்விடும்.

மிச்சமிருக்கிற புள்ளியின் மேல் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் லேசாகத் தட்டித் தட்டிப் போனால் கறை மேலே உட்கார்ந்திருக்கிறது, இது எடுக்கக்கூடியது. நகம் வழுவழுவென்று போகிறது, ஆனால் வளையம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் கண்ணாடி அரிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் நனைந்திருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்பி வரும். அதனால் ஈரத்தில் பார்த்துவிட்டு “போயிடுச்சு” என்று சந்தோஷப்படக் கூடாது. நன்றாகத் துடைத்துக் காய வைத்த பிறகு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் சரியான முறை. செல்போன் டார்ச்சே போதும்.

இன்னொரு சோதனை: ஒரு புள்ளியின் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டு, கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சுண்ணாம்பு கொஞ்சம் தடிமனாக இருந்தால் விளிம்பில் ஊசிமுனை அளவுக்குச் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். அது கார்பன் டை ஆக்சைடு. அமிலம் கார்பனேட்டைக் கரைக்கிறது என்று அர்த்தம். குமிழி வந்தால் வேலை எளிது. வராவிட்டால் படிவு மெல்லியதாக இருக்கலாம், அல்லது சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற பொருள், கலந்திருக்கலாம். சிலிக்கா வினிகருக்கு அசையாது.

என்னென்ன வேண்டும்

வெள்ளை வினிகர் ஒரு பாட்டில். மளிகைக் கடையில் கிடைக்கிற சாதாரண சமையல் வினிகரே போதும், அதில் அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம் இருக்கும். கலர் வினிகர் வேண்டாம். அடுத்து எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். இதுவும் மளிகைக் கடையிலேயே சின்ன பாக்கெட்டில் வரும். நிறைய வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் இருக்கின்றன, ஆனால் ஒரு காருக்கு அங்கே வரை போக வேண்டியதில்லை.

ஸ்ப்ரே பாட்டில் ஒன்று, டிஷ்யூ பேப்பர் ஒரு கட்டு, மைக்ரோஃபைபர் துணி குறைந்தது மூன்று, இரண்டு பக்கெட், ரப்பர் கையுறை. மைக்ரோஃபைபர் இல்லாவிட்டால் நன்றாகத் துவைத்த பழைய பருத்தி பனியன் நன்றாகவே வேலை செய்யும். மெக்கானிக் கடையில் கிடைக்கிற பனியன் வேஸ்ட் வேண்டாம், அதில் தைத்த நூலும் பட்டனும் சில சமயம் இரும்புத் தூளும்கூட இருக்கும். நியூஸ் பேப்பர் கடைசிப் பளபளப்புக்கு மட்டும்.

இதெல்லாவற்றையும்விட முக்கியமான பொருள் ஒன்று இருக்கிறது: கடைசியாக அலசுவதற்கு ஒரு பக்கெட் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் உப்பில்லாத தண்ணீர். அதற்குச் சுலபமான வழி உங்கள் வீட்டு ஏசியிலேயே இருக்கிறது. வெளியே ஒழுகுகிற ஏசித் தண்ணீர், காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து இறங்கியது. அதில் உப்பு கிட்டத்தட்ட கிடையாது. ராத்திரி பைப்புக்கு அடியில் பக்கெட்டை வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் காலையில் கணிசமாகச் சேர்ந்திருக்கும். தூசி இருந்தால் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஏசி இல்லாவிட்டால் மழைத் தண்ணீர், அதுவும் இல்லாவிட்டால் 20 லிட்டர் கேன் தண்ணீரில் ஒரு பகுதி.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலரும் பிடித்து வைத்துக் கார் கழுவுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் போய்ச் சேருவது அந்தக் கழிவில்தான், ஆகவே அது உங்கள் குழாய்த் தண்ணீரைவிட மோசம். வாசல் கழுவலாம், கழிவறைக்கு ஊற்றலாம், கார் கண்ணாடிக்கு மட்டும் வேண்டாம்.

இனி வேலை

நேரம் முக்கியம். விடியற்காலை, அல்லது வெயில் இறங்கி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு. கண்ணாடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் ஆரம்பிக்காதீர்கள். சூட்டில் வினிகர் வேலை செய்வதற்கு முன்பே காய்ந்து போகும். அது போக, அக்னி நட்சத்திர வெயிலில் கிடந்த முன் கண்ணாடியில் ஏற்கெனவே கல் பட்ட சில்லு இருந்தால், திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டதும் விரிசல் ஓடிவிடவும் கூடும்.

முதல் வேலை மண்ணை இறக்குவது. இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். எண் கூடக் கூடக் கடினம் என்று சொல்கிற மோஸ் அளவுகோலில் கண்ணாடியின் கடினம் ஐந்தரை சொச்சம், மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. சுண்ணாம்புக் கறையோ வெறும் 3. கணக்கைப் பாருங்கள்: கறையால் கண்ணாடியைக் கீற முடியாது, மணலால் முடியும். தேய்த்தபோது விழுந்த கோடுகளுக்குத் துணிக்கு அடியில் மாட்டிய மண்ணைத்தான் குறை சொல்ல வேண்டும். மணலி, மாதவரம் பக்கம் லாரி கிளப்புகிற புழுதியும், எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பலும் கண்ணாடியில் தினமும் படிகிற இடத்தில் இதைப் பற்றி இரண்டு மடங்கு கவனம் வேண்டும். முதலில் தண்ணீரை மேலிருந்து ஊற்றி ஓட விடுங்கள், துணி படக் கூடாது. பிறகு ஷாம்பு தண்ணீர் ஒரு பக்கெட், துணி அலச வேறொரு பக்கெட். ஒரு கண்ணாடி முடிந்ததும் துணியை இரண்டாவதில் அலசிவிட்டுத்தான் முதலாவதில் தோய்க்க வேண்டும். இந்தக் கட்டத்துக்கு போர் தண்ணீரே போதும்.

வைப்பரைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டின் மேல் நனைத்த பழைய டவல் ஒன்றைப் போட்டு விடுங்கள், வினிகர் வழிந்து பெயின்ட் மேல் உட்கார வேண்டாம். பெயின்ட் உடனே கெட்டுவிடாது, ஆனால் வாக்ஸ் போட்டிருந்தால் போய்விடும், பளபளப்பான அலுமினியப் பட்டைகள் இருந்தால் மங்கும். மொசைக் அல்லது மார்பிள் தரையில் வண்டி நின்றால் தரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். அந்தத் தரையிலும் இருப்பது சுண்ணாம்புதான், வினிகருக்கு வித்தியாசம் தெரியாது.

இப்போது ஊற வைப்பது. ஒரே நேரத்தில் ஒரு கண்ணாடி, முன் கண்ணாடி என்றால் பாதிதான். வினிகரை எதுவும் கலக்காமல் ஸ்ப்ரே செய்யுங்கள். செங்குத்தான கண்ணாடியில் அது நிற்காமல் வழிந்துவிடும், அதற்குத்தான் டிஷ்யூ. டிஷ்யூவைக் கண்ணாடியில் ஒட்டி அதன் மேல் வினிகரை அடித்தால் போஸ்டர் ஒட்டியது போல் சிக்கென்று பிடித்துக்கொள்ளும். காற்றுக் குமிழி இருக்கிற இடத்தை விரலால் நீவி விடுங்கள், டிஷ்யூ படாத இடத்தில் கறையும் போகாது. பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். நடுவில் ஓரம் வெளுத்துக் காய ஆரம்பித்தால் மறுபடி அடியுங்கள். காயவே கூடாது. சும்மா நிற்கக் கஷ்டமாக இருக்கும், கை பரபரக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பக்கக் கண்ணாடிகளுக்குக் கீழே ரப்பர் பீடிங் ஓடுகிறது அல்லவா, அதன் மேல் வினிகர் தேங்கி நிற்க விடாதீர்கள். கதவுக்குள் இறங்குகிற தண்ணீர் வெளியேறக் கீழே ஓட்டைகள் இருக்கின்றன, இருந்தாலும் உள்ளே இரும்புச் சாமான் இருக்கிறது, அமிலத்தை அங்கே அனுப்புவானேன். பீடிங்கை ஒட்டிய கடைசி இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் ஸ்ப்ரே செய்யாமல் நனைத்த துணியை வைத்து ஒற்றி எடுங்கள். கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கினால் மேல் விளிம்பும் வெளியே தெரியும், அங்கேயும் ஒரு வெள்ளைக் கோடு ஒளிந்திருக்கும்.

பத்து நிமிடம் கழித்து டிஷ்யூவை உரித்து, அந்த ஈர டிஷ்யூவையே பந்தாக்கி, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். அழுத்தம் வேண்டாம். ஆரம்பத்தில் விரலுக்குக் கீழே நறநறவென்று ஏதோ தட்டுப்படும். சுற்றச் சுற்ற அது குறைந்து, ஒரு கட்டத்தில் டிஷ்யூ தடையே இல்லாமல் வழுக்க ஆரம்பிக்கும். அதுதான் சுண்ணாம்பு போய்விட்டதற்கு அடையாளம். வழுக்காத இடத்தில் மறுபடி டிஷ்யூ, மறுபடி பத்து நிமிடம். பல மாதக் கறைக்கு இரண்டு மூன்று சுற்று ஆவது சாதாரணம். முதல் சுற்றிலேயே போகவில்லை என்று பலத்தைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள்.

வினிகரில் பாதிதான் போகிறது என்றால் சிட்ரிக் ஆசிட். ஒரு டம்ளர் ஏசித் தண்ணீரில் இரண்டு மூன்று டீஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். வேலை செய்யும் விதம் அதேதான், வீரியம் கொஞ்சம் கூடுதல், நாற்றமும் இல்லை. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வினிகர் சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாக்குகிற உப்பு தண்ணீரில் தாராளமாகக் கரையும். சிட்ரிக் ஆசிட் உண்டாக்குகிற கால்சியம் சிட்ரேட் அவ்வளவாகக் கரையாது. கண்ணாடியிலேயே காய விட்டால் பழைய வெள்ளைக்குப் பதில் புது வெள்ளை. அதனால் இதை ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுத்து, உடனே நிறையத் தண்ணீர் விட வேண்டும். வினிகர் முதலில், சிட்ரிக் பிறகு என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டித் தேய்க்கலாமா என்றால், தேய்க்கலாம், அதிலும் இருப்பது சிட்ரிக் அமிலம்தான். சாற்றில் இருக்கிற சர்க்கரையும் நாரும் பிசுபிசுப்பாக ஒட்டும், அதை வேறு கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

கறை போனதும் போர் தண்ணீரால் நன்றாக அலசி, அமிலம் எல்லாம் கீழே இறங்கிய பிறகு, அது காய்வதற்குள் ஏசித் தண்ணீரை ஒரு மக்கில் எடுத்து மேல் விளிம்பிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். உடனே காய்ந்த மைக்ரோஃபைபரால் துடைத்துவிடுங்கள். தானாகக் காயட்டும் என்று மட்டும் விடாதீர்கள். நீங்கள் அத்தனை பாடுபட்டு எடுத்ததைக் கடைசி மக் தண்ணீர் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்.

அப்படியும் போகாவிட்டால்

கார் சாமான் கடையில் களிமண் மாதிரி கிளே பார் என்று ஒரு கட்டி விற்கிறார்கள். சோப்புத் தண்ணீரை நிறைய அடித்து அதை வழுக்க விட்டால், மேலே துருத்திக்கொண்டிருக்கிற எதையும் பிய்த்துக்கொண்டு வரும். கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மண் ஒட்டியிருக்கும்.

அடுத்தது ஸ்டீல் வூல், அட்டையில் 0000 என்று போட்டிருக்கிற மிக மெல்லிய ரகம் மட்டும். சமையலறை ஸ்டீல் ஸ்கிரப்பர் இது இல்லை, அதை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். வெளிப்பக்கக் கண்ணாடியில், நன்றாக நனைத்து, மெதுவாக. முதலில் ஓரத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் செய்து, காய வைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள். கோட்டிங் போட்ட கண்ணாடியிலும் சைடு மிரரிலும் வேண்டாம். உள்பக்கம் சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் வினிகரோ ஸ்டீல் வூலோ எதுவுமே கூடாது. பின் கண்ணாடியின் உள்பக்கம் ஓடுகிற, மூட்டத்தை நீக்குகிற டீஃபாகர் கோடுகளும் அப்படித்தான், ஒரு கோடு அறுந்தால் அந்த வரி வேலை செய்யாது. வேலை முடிந்ததும் பீடிங் இடுக்கிலும் பானெட் ஓரத்திலும் உதிர்ந்த இரும்புத் துகள்களைத் தண்ணீர் விட்டு முழுக்க வெளியேற்றுங்கள். கடற்காற்றில் ஒரே ராத்திரியில் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளி வைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும், நகத்துக்கு எதுவும் தட்டுப்படாமல் வளையம் மட்டும் தெரிகிறது என்றால் அது கறையே இல்லை. காரத் தண்ணீர் ரொம்ப நாள் நின்று கண்ணாடியின் மேல்தோலைக் கரைத்துவிட்ட தழும்பு. கரைப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை, சுற்றியிருக்கிற கண்ணாடியைத்தான் அந்த மட்டத்துக்கு இறக்க வேண்டும். அதற்கு இருப்பது சீரியம் ஆக்சைடு பவுடர், கண்ணாடி பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்துவது. தண்ணீரில் தயிர் பதத்துக்குக் குழைத்து, ஃபெல்ட் பேடில் தொட்டு, மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, சூடு ஏறினால் கண்ணாடி விரிசல் விடும். பீடிங்குக்கும் பெயின்ட்டுக்கும் மாஸ்கிங் டேப், மூக்குக்கு மாஸ்க். புதிதாக ஆரம்பிக்கிறவர் பக்கக் கண்ணாடியில் பழகலாம். முன் கண்ணாடியில் வேண்டாம் என்பேன். ஓரிடத்தில் கூடுதலாகத் தேய்ந்துவிட்டால் அந்த இடம் வழியாகப் பார்க்கும்போது ரோடு நெளியும், அதற்குப் புள்ளிகளே மேல். முன் கண்ணாடியில் ஆழமாக அரித்திருந்தால் கண்ணாடி பாலிஷ் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள், அவரும் கையை விரித்தால் மாற்றுவதுதான்.

இதெல்லாம் வேண்டாம்

பாத்ரூம் டைல்ஸ் கழுவுகிற ஆசிட் ஊற்றினால் உடனே போகும் என்று யாராவது சொல்வார்கள். சுண்ணாம்பு போவது உண்மைதான். கூடவே குரோம் பட்டை, வைப்பர் கை, ஸ்குரூ எல்லாவற்றையும் தின்றுவிடும், அந்தப் புகை உங்கள் மூச்சுக்கும் நல்லதில்லை. வினிகரோ எந்த ஆசிடோ, பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். முதல் நாள் பிளீச்சிங் பவுடர் கரைத்த பக்கெட்டை அப்படியே எடுத்து வராதீர்கள், கழுவிவிட்டு எடுங்கள்.

இதைவிட ஆபத்து, லேபிள் இல்லாத பாட்டிலில் “தொட்டாலே போயிடும்” என்று விற்கப்படுகிற கறை நீக்கிகள். சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதை உண்டாக்குகிற உப்போ இருக்கலாம். கண்ணாடியையே கரைக்கிற சமாச்சாரம் அது. தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமல் போகலாம், ஆனால் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள். அப்படி எதுவும் கையில் பட்டுவிட்டால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் பாருங்கள்.

திரும்ப வராமல்

பல அபார்ட்மென்ட்களில் காலையில் ஒருவர் வந்து எல்லா வண்டியும் துடைப்பார். ஒரே பக்கெட், ஒரே துணி, பத்துப் பன்னிரண்டு வண்டி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கு அதுதான் நடக்கும். எங்கள் பக்கத்தில் துடைக்கிறவரிடம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னபோது, “எந்தத் தண்ணில கழுவுனாலும் காஞ்சா ஒண்ணுதானே சார்” என்றார். “அண்ணா, இந்த ரெண்டு பக்கெட்ல இருந்து ஒவ்வொரு சொட்டு பானெட் மேல வச்சுட்டு, உங்க வேலைய முடிச்சுட்டு வந்து பாருங்க” என்றேன். போர் தண்ணீர்ச் சொட்டு இருந்த இடத்தில் வெள்ளை வளையம், ஏசித் தண்ணீர்ச் சொட்டு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. “பெரிய வளையமால்ல இருக்கு” என்று விரலால் தடவிப் பார்த்தார். இப்போது கண்ணாடிக்கு மட்டும் தனியாக ஒரு துணி, வாசலில் வைக்கிற ஏசித் தண்ணீர் பக்கெட். மற்ற இடமெல்லாம் அவர் பழைய முறைப்படிதான், அதில் நான் தலையிடுவதில்லை. இதே சோதனையை நீங்களும் உங்கள் வீட்டில் செய்து காட்டலாம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, எண்ணைப் பார்த்தால்தான் திருப்தி என்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சொட்டைக் காய வைத்துப் பார்ப்பதற்குக் காசு இல்லை.

வைப்பர் வாஷர் டேங்கை மறந்துவிடாதீர்கள். அதில் போர் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடுகிற வண்டியில் பீய்ச்சி அடித்தால், காற்றில் அப்போதே காய்ந்து புதுப் புள்ளி வைக்கும். கொஞ்ச நாளில் நாசில் ஓட்டையும் சுண்ணாம்பால் அடைத்துக்கொள்ளும். கேன் தண்ணீரோ ஏசித் தண்ணீரோ, கூட வாஷர் லிக்விட் கொஞ்சம். பாத்திரம் கழுவுகிற சோப்பு வேண்டாம், நுரை தள்ளும்.

ஆடி, ஆவணி மாலைகளில் ஐந்து நிமிடம் கொட்டிவிட்டு ஓடிப்போகிற மழை இருக்கிறதே, அதில் கவனம். மழைத் தண்ணீர் சுத்தம்தான், ஆனால் கண்ணாடியில் இருக்கிற புழுதியோடும் சாம்பலோடும் கலந்து சேறாகக் காயும். அப்படி நனைந்த வண்டியை மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஒரு தடவை அலசித் துடைத்துவிட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க அடித்துப் பெய்கிற மழை பிரச்சினை இல்லை, அதுவே கழுவிவிடும்.

கண்ணாடி சுத்தமானதும், முழுக்கக் காய்ந்த பிறகு, ரெயின் ரிப்பெலன்ட் ஏதாவது ஒன்றைப் போட்டு வைத்தால் தண்ணீர் தங்காமல் உருண்டு ஓடும், அடுத்த தடவை கறையை எடுப்பதும் சுலபமாகும். இதை வாங்கிப் போட்டுவிட்டுப் பராமரிப்பே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். உருண்டு ஓடாமல் நிற்கிற சொட்டு முத்து மாதிரி குவிந்து நின்று, காய்ந்தால் இன்னும் அழுத்தமான புள்ளியாகவே விழும், அதுவும் போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு தடவை இந்த முழு வேலையையும் செய்து, கூடவே வைப்பர் பிளேடையும் மாற்றிவிடுங்கள். பழைய பிளேடின் ரப்பர் விளிம்பை விரலால் நீவிப் பார்த்தால் அங்கேயும் வெள்ளைப் பொருக்கு தட்டுப்படும், சுத்தம் செய்த கண்ணாடியில் முதல் மழையிலேயே கோடு போடுவது அதுதான்.